'நான் ஓட்டவில்லை, வண்டிதான் ஓட்டியது': குடிபோதை வழக்கில் இந்த வாதம் நிற்குமா?

புதிய கார் பார்க்கப் போகும் குடும்பங்களிடம் இப்போது விற்பனையாளர்கள் பெருமையாக எடுத்துச் சொல்லும் வசதி 'அடாஸ்'. முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டும், குறைக்கும். சாலைக் கோட்டைத் தாண்டாமல் ஸ்டீயரிங்கைத் திருத்தும். மோதும் நிலை வந்தால் தானே பிரேக் பிடிக்கும். 2020-ல் எம்.ஜி. குளோஸ்டரிலும் 2021-ல் மஹிந்திரா எக்ஸ்யூவி700-லும் பார்த்த இந்த வசதிகள், பிறகு ஹோண்டா சிட்டி, டாடா ஹாரியர், ஹூண்டாய் கிரெட்டா என்று நடுத்தரக் குடும்பங்கள் வாங்க நினைக்கும் கார்கள் வரை வந்துவிட்டன. ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு வேடிக்கை காட்டும் காணொலிகளும் கூடவே பரவின.

இவற்றோடு ஒரு பேச்சும் வளர்கிறது. "கொஞ்சம் குடித்திருந்தாலும் வண்டியே வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். போலீஸ் மறித்தால், நான் ஓட்டவில்லை, வண்டிதான் ஓட்டியது என்று சொல்லிவிடலாம்." விளையாட்டாகச் சொல்லப்படும் இந்தப் பேச்சை நாம் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

குடிப்பது ஹராம், ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத செய்தி என்று சிலர் நினைக்கலாம். நம் ஊரின் சாலையைப் பார்த்தாலே அந்த எண்ணம் மாறும். ஓமலூரிலிருந்து மேச்சேரி வழியாக மேட்டூர் போகும் சாலையிலும், தொப்பூர் பக்கமிருந்து வரும் சாலையிலும் இரவு முழுவதும் லாரிகள் ஓடுகின்றன. பொட்டனேரி இரும்பாலைக்கும் மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கும் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் பைக்கில் அதே சாலையில் போகிறார்கள். தராவீஹ் முடிந்து வீடு திரும்புகிறவர்களும், பஜ்ருக்கு இருட்டில் நடந்து போகும் பெரியவர்களும் அதே சாலையைத்தான் கடக்கிறார்கள். குடிக்காதவருக்கும் சேதம் வரும். நம் வீட்டுப் பிள்ளைகள் யாருமே அந்தப் பழக்கத்தின் பக்கம் போவதில்லை என்று அடித்துச் சொல்லும் நிலையிலும் நம் சமுதாயம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 185-வது பிரிவு தெளிவானது. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கும் நிலையில் வாகனத்தை ஓட்டுவதும், ஓட்ட முயல்வதும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் பிடிபட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. 'ஓட்ட முயல்வது' என்ற சொல் இருப்பதால், போதையோடு வண்டியைக் கிளப்ப முனைந்தாலே வழக்குப் பதியலாம்.

அடாஸ் இயங்கும்போது 'ஓட்டுநர்' யார்? இந்தியச் சட்டத்தில் இதற்கென்று தனிப்பிரிவு இல்லை. ஆனால் அதே சட்டம் 'ஓட்டுநர்' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் ஒரு செய்தி இருக்கிறது. பழுதாகி இன்னொரு வண்டியால் இழுத்துச் செல்லப்படும் வாகனத்தில் ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்திருப்பவரையும் சட்டம் ஓட்டுநர் என்றே எண்ணுகிறது. அந்த வண்டியின் எஞ்சின் ஓடவில்லை, வேகம் அவர் கையில் இல்லை. ஆனாலும் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அவர்தான் என்பதால் பொறுப்பும் அவருடையது. இழுக்கப்படும் வண்டிக்கே இப்படியென்றால், தானே சாவி போட்டு, தானே பொத்தானை அழுத்தி வேகத்தை ஒப்படைத்தவர் 'நான் ஓட்டுநர் இல்லை' என்று எப்படிச் சொல்ல முடியும்?

உயிர் போய்விட்டால் வழக்கு இன்னும் கனமாகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவின்படி கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை. மரணம் நேரலாம் என்று அறிந்தே செய்த செயல் என்றால் 105-வது பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறை. மும்பை கார்ட்டர் சாலையில் 2006 நவம்பரில் நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் 7 பேர் கார் ஏறி இறந்த வழக்கில், குடித்துவிட்டு ஓட்டியவர் விளைவை அறிந்தவரே என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.

இதில் நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "குடித்திருந்ததால் அடாஸை இயக்கிவிட்டு வந்தேன்" என்று ஒருவர் சொன்னால் அது அவரைக் காப்பாற்றாது. தன்னால் ஓட்ட முடியாது என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதற்கு அவர் வாயாலேயே கொடுத்த சாட்சியாக அரசு வழக்கறிஞர் அதைப் பயன்படுத்தலாம்.

வெளிநாட்டு நீதிமன்றங்களில் நடந்தது

இந்த வாதம் அமெரிக்காவில் ஏற்கெனவே எழுந்திருக்கிறது. 2018 நவம்பர் 30 அதிகாலை, கலிஃபோர்னியாவின் 101-வது நெடுஞ்சாலையில் ஒரு டெஸ்லா கார் மணிக்கு சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர் தூங்கிக்கொண்டிருந்தார். போலீஸ் வண்டியின் விளக்குக்கும் சைரனுக்கும் அவர் எழவில்லை. 'ஆட்டோபைலட்' இயங்கிக்கொண்டிருக்கும் என்று ஊகித்த போலீசார், அதன் முன்னால் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்தார்கள். பின்னால் வந்த காரும் குறைத்து நின்றது. தூங்கியவர் குடிபோதையில் ஓட்டிய சந்தேகத்தில் கைதானார்.

2024 மார்ச் 3 அதிகாலை ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது இதைவிடத் துயரமானது. ஃபோர்டு நிறுவனத்தின் 'புளூகுரூஸ்' வசதி இயங்கிய நிலையில் வந்த கார், நெடுஞ்சாலையில் நின்றிருந்தவர்கள் மீது மோதி இருவர் இறந்தனர். ஓட்டுநர் மீது குடிபோதையில் வண்டி ஓட்டி மரணம் விளைவித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. வசதி இயங்கியது என்பது வழக்குத் தொடரத் தடையாகவில்லை.

வேகத்தைத் தானே பிடித்து நிற்கும் 'குரூஸ் கன்ட்ரோல்' புதிதாக இருந்த காலத்திலேயே இப்படி ஒரு வாதம் எழுந்தது. 1969-ல் நியூஜெர்சியில் அதிவேக வழக்கில் சிக்கிய ஒருவர் கருவியின் மீது பழி போட்டார். கருவியிடம் ஒப்படைத்தவரும் ஓட்டுநரே என்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

அப்படியானால் கம்பெனிக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. 2019-ல் ஃபுளோரிடாவில் ஆட்டோபைலட் இயங்கிய காரில், கீழே விழுந்த கைபேசியை எடுக்க ஓட்டுநர் குனிந்த நேரத்தில் ஓர் இளம்பெண் உயிரிழந்தார். 2025 ஆகஸ்ட்டில் மயாமி ஜூரி, டெஸ்லா நிறுவனத்துக்கு 33 சதவீதப் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. மிச்சப் பெரும்பங்கு ஓட்டுநருடையது. இழப்பீட்டில் கம்பெனி பங்கு கொடுக்கலாம். ஓட்டுநரின் குற்றத்தை அது அழித்துவிடாது.

மனிதரே இல்லாமல் ஓடும் வாடகைக் கார்கள் அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் இருக்கின்றன. அவற்றில் பின்சீட்டில் இருப்பவர் வெறும் பயணி. அதைப் பார்த்துவிட்டு நம் ஊர் காரையும் அப்படி எண்ணக் கூடாது. தானியங்கித் திறனைப் பூஜ்யம் முதல் ஐந்து வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். இங்கே விற்கப்படும் அடாஸ் கார்கள் அதிகபட்சம் இரண்டாம் நிலை. ஓட்டுநர் இல்லாத கார்களை இந்தியாவில் அனுமதிக்க மாட்டோம், அது ஓட்டுநர்களின் பிழைப்பைப் பறிக்கும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-லும் 2023-லும் சொல்லியிருக்கிறார்.

இயந்திரத்துக்குத் தேவையானது தெளிவான மனிதன்

இரண்டாம் நிலை வசதி வேலை செய்வது கேமராவையும் ரேடாரையும் வைத்து. கேமராவுக்குச் சாலைக் கோடு தெரிய வேண்டும். கோடு அழிந்த இடத்திலும், மழையிலும், எதிர்த்திசையில் ஏறி வரும் பைக்கிலும், சாலையில் குறுக்கே போகும் ஆட்டு மந்தையிலும் அது தடுமாறும். கோடே போடாத கிராமச் சாலையில் அது வழிகாட்டவே முடியாது. அதனால்தான் சில நொடிகள் ஸ்டீயரிங்கில் கை படாவிட்டால் எச்சரிக்கை ஒலிக்கிறது. எந்த நொடியிலும் "நீங்கள் பிடியுங்கள்" என்று அது மனிதனிடம் திருப்பிக் கொடுக்கும்.

அந்த நொடியில் வேண்டியவை விழிப்பும் வேகமான முடிவும். மது முதலில் கெடுப்பது இவ்விரண்டையும்தான். சும்மா உட்கார்ந்து வரும் தெளிந்த மனிதருக்கே கவனம் சிதறுகிறது. குடித்தவர் அப்படி உட்கார்ந்து வந்தால் தூங்கிவிடுகிறார். ஆகவே போதையில் இருப்பவருக்கு இந்த வசதி உதவியாக இருக்கும் என்பது தலைகீழான கணக்கு.

இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று சட்டம் அளக்கிறது. மார்க்கம் அதற்கும் முன்னாலேயே நிறுத்துகிறது. மதுவைப் பற்றிய இறைக்கட்டளைகள் படிப்படியாக இறங்கியதை நாம் அறிவோம். முழுத்தடை வருவதற்கு முந்திய கட்டத்தில், போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாது என்று தடுக்கப்பட்டபோது, தான் என்ன சொல்கிறோம் என்பதை மனிதன் அறிந்திருக்க வேண்டும் என்பது அளவாக வைக்கப்பட்டது. தன் சொல்லையே அறியாதவன் ஆயிரம் கிலோவுக்கு மேலான இரும்பை எப்படி நடத்துவான்?

பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்கும் நம் ஃபிக்ஹு நூல்களில் வழி இருக்கிறது. குதிரையும் ஒட்டகமும் தானே நடக்கும், தானே பாதை பார்க்கும். ஆனாலும் ஒருவர் மேலே ஏறிப் போகும்போது அது யாரையாவது மிதித்துவிட்டால், ஏறியிருந்தவர் ஈடு கொடுக்க வேண்டும் என்றே ஹனஃபி, ஷாஃபி அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். உயிருள்ள, பார்வையுள்ள பிராணி மீதே பழியைப் போட வழியில்லை. மென்பொருள் மீது போட முடியுமா? தானாக விரும்பிக் குடித்தவர் விளைவித்த சேதத்துக்கும் அவரே பொறுப்பு. இவ்வுலக வழக்கில் சாட்சி இல்லாமல் தப்பினாலும், அடியானின் உரிமை மறுமையில் கேட்கப்படாமல் போகாது.

ஓட்டியது யார் என்பதை மறைக்கும் பழைய வழிகள்

'வண்டி ஓட்டியது' என்பது புதுச் சாக்கு. 'வேறொருவர் ஓட்டினார்' என்பது பழைய சாக்கு. இரண்டும் ஒரே குடும்பம்.

2019 ஆகஸ்ட் 3 நள்ளிரவுக்குப் பின் திருவனந்தபுரத்தில், 'சிராஜ்' நாளிதழின் செய்தியாளர் கே.எம். பஷீர் கார் மோதி இறந்தார். காரில் இருந்தவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஸ்ரீராம் வெங்கிட்டராமன். காரை ஓட்டியது உடன் வந்த பெண் என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டது. நேரில் பார்த்தவர்கள் அதை மறுத்தார்கள். அதிகாரியின் இரத்தம் பல மணி நேரம் கழித்தே எடுக்கப்பட்டது. அதில் மது காணப்படவில்லை. 2022-ல் கீழ்நீதிமன்றம் கொலைக்கு ஈடாகாத மரணம் விளைவித்தல் என்ற பிரிவை நீக்கியது. 2023 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் அதை மீண்டும் சேர்த்தது. அதை எதிர்த்த அதிகாரியின் மனுவை அதே ஆண்டு ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குற்றமா இல்லையா என்பது விசாரணையில் தீர வேண்டியது. ஆனால் நேரத்தோடு எடுக்கப்படாத இரத்தம் ஒரு குடும்பத்தின் நீதியை எத்தனை ஆண்டு தள்ளிப்போடும் என்பதற்கு இந்த வழக்கே போதும்.

2024 மே 19-ல் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். சிறுவனின் இரத்த மாதிரியே மாற்றப்பட்டது என்றும், பழியை ஏற்கும்படி வீட்டு டிரைவர் வற்புறுத்தப்பட்டார் என்றும் போலீசார் குற்றம் சாட்டினார்கள். அதிகாரம் உள்ளவர் குடிக்க, சம்பளத்துக்கு வேலை செய்யும் டிரைவர் ஜெயிலுக்குப் போகும் ஆபத்து இருக்கிறதே, அதைத்தான் நாம் பயத்தோடு பார்க்க வேண்டும். 'ஆக்டிங் டிரைவர்' வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள், தாங்கள் ஓட்டாத வண்டிக்கு ஒருபோதும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாது.

புது வண்டிகளில் இந்தப் பொய் கொஞ்சம் கடினமாகும். வேகம், பிரேக், ஸ்டீயரிங், சீட் பெல்ட், எந்த வசதி எப்போது இயங்கியது என்பவற்றைப் பல கார்களின் உள்கருவிகள் பதிவு செய்துகொள்கின்றன. சாக்குச் சொல்ல நினைத்த வண்டியே சாட்சி சொல்லும் காலம் இது. அந்தப் பதிவு அழியுமுன் கேட்டு வாங்கும் விழிப்பு போலீசாருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் வேண்டும்.

அரசின் பங்கு

1937 அக்டோபர் 1-ல் இராஜாஜி அரசு சென்னை மாகாணத்தில் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது எந்த மாவட்டத்தில் தெரியுமா? நம் சேலம் மாவட்டத்தில்தான். வருமானம் போகுமே என்ற கேள்விக்கு அன்றைய அரசு 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்து பதில் தேடியது. 1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, 1974-ல் திரும்பியது, 1981-ல் மீண்டும் போனது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் டாஸ்மாக் கையில். 2023-24-ல் அதன் வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, வழக்கறிஞர் கே. பாலு தமிழ்நாட்டில் தொடர்ந்த வழக்கில்தான். 2017-ல் சிறிய ஊர்களுக்கு அது 220 மீட்டராகக் குறைந்தது. நகராட்சி எல்லைகளுக்கு விலக்கும் கிடைத்தது. கடை வாசலில் வரிசையாக பைக் நிற்க அனுமதித்துவிட்டு, அடுத்த முனையில் ஊதச் சொல்லி அபராதம் போடுவதால் மட்டும் சாலை பாதுகாப்பாகிவிடாது.

தொழில்நுட்பம் வேண்டாம் என்பது நம் நிலை இல்லை. தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி உயிர் காக்கும். அதைவிடப் பயனுள்ள கருவி ஒன்றும் இருக்கிறது: ஊதிக் காட்டி, மது இல்லை என்றால் மட்டுமே எஞ்சின் கிளம்பும் பூட்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் புதிய மாடல் வண்டிகளில் இந்தப் பூட்டைப் பொருத்த வசதி இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. நாமக்கல், சங்ககிரி என்று லாரித் தொழில் நிறைந்த நம் பகுதியில், கனரக வாகனங்களிலிருந்தும் பள்ளி வண்டிகளிலிருந்தும் இதைத் தொடங்கும்படி கேட்கலாம். குடித்தவரை வீடு சேர்க்கும் வண்டியைவிட, குடித்தவர் கையில் கிளம்ப மறுக்கும் வண்டிதான் சமுதாயத்துக்கு வேண்டும்.

நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை

விபத்தில் நம்மவர் பாதிக்கப்பட்டால் அழுகையின் நடுவிலும் யாராவது ஒருவர் நேரத்தைக் கவனிக்க வேண்டும். மோதியவருக்கு மூச்சுச் சோதனையும் இரத்தச் சோதனையும் உடனே எடுக்கும்படி போலீசாரிடம் எழுத்தில் கேளுங்கள். சட்டத்தின் 202-வது பிரிவின்படி, 185-ல் கைதானவருக்கு 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். நடக்காவிட்டால் அவரை விடுவிக்க வேண்டியிருக்கும். சோதனைக்கு மறுப்பதையும் 205-வது பிரிவின்படி நீதிமன்றம் அவருக்கு எதிராகக் கணக்கில் எடுக்கலாம். அடாஸ் உள்ள கார் என்றால் அதன் பதிவுகளைக் கைப்பற்றும்படியும் அதே மனுவில் சேருங்கள். இழப்பீட்டு மனுவுக்கு 6 மாதம் என்று 2019 திருத்தம் வரம்பு வைத்திருக்கிறது. தாமதிக்க வேண்டாம்.

வண்டி நம்முடையது என்றால் காப்பீட்டையும் நினைவில் வைக்க வேண்டும். 150-வது பிரிவு குடிபோதையை நிபந்தனை மீறலாகக் கருத இடம் தருகிறது. வண்டியின் சேதத்துக்குக் காப்பீடு மறுக்க, மூச்சுச் சோதனை இல்லாமலேயே மற்ற சான்றுகளால் போதையை நிறுவலாம் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு மகன் செய்த காரியத்தில் வீட்டுப் பத்திரமே அடமானத்துக்குப் போகலாம். வளைகுடாவில் ஓட்டும் பிள்ளைகளுக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2025 மார்ச் 29 முதல் நடைமுறையான சட்டத்தில் இக்குற்றத்துக்கு 20,000 முதல் 1,00,000 திர்ஹம் வரை அபராதமும் சிறையும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஒருவர் குடிக்கிறார் என்று தெரிந்தும் மானத்துக்குப் பயந்து மூடி மறைக்கும் பழக்கத்தை விட வேண்டும். அவர் கையிலிருந்து சாவியை வாங்குவது அம்மாவுக்கும் மனைவிக்கும் உள்ள உரிமை, அண்ணன் தம்பிக்கு உள்ள கடமை. ஜமாஅத் பெரியவர்கள் அவரை விலக்கி வைப்பதோடு நிற்காமல், சிகிச்சைக்கு அழைத்துப் போகவும் முன்வர வேண்டும். ஜும்ஆ உரைகளில் மது ஹராம் என்று சொல்லும்போது, சாலையில் போகும் அடுத்தவரின் உயிர் நம் கையில் உள்ள அமானிதம் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

காரில் எத்தனை கேமரா இருந்தாலும் சாவி போட்டவர் மனிதர். கேள்வி அவரிடம்தான் வரும். அல்லாஹ் நம் பிள்ளைகளையும், நம் சாலையில் போகும் எல்லா மக்களின் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக!